"சிஸ்டர் பிடிச்சுக்குவாங்க"

மாவட்டத் தலைநகரில் முப்பது, நாற்பது படுக்கை உள்ள ஏதாவது ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போய், இன்றைக்கு நடக்கும் ஆபரேஷனுக்கு யார் அசிஸ்ட் பண்ணுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். சர்ஜன் பெயரைச் சொல்வார்கள். மயக்க மருத்துவர் எத்தனை மணிக்கு வருவார் என்றும் சொல்வார்கள். சர்ஜனுக்கு எதிர்ப்பக்கம் நிற்கப்போவது யார் என்றால் மட்டும் பெயர் வராது. "சிஸ்டர் பிடிச்சுக்குவாங்க" என்று பதில் வரும். சொல்பவருக்கு அதில் கூச்சம் ஒன்றும் இருக்காது. நிர்வாகத்துக்கு அது சிக்கனம், சர்ஜனுக்கு அது பழக்கம்.

அதே ஊரில் மருத்துவர்கள் கூடும் கூட்டங்களில் இதற்கு நேர்மாறான பேச்சு கேட்கும். செவிலியர் திசுவைத் தொடக் கூடாது, தையல் போடக் கூடாது, அதெல்லாம் எம்.பி.பி.எஸ். படித்தவர் செய்ய வேண்டியது, விட்டால் நாளை அவர்களே ஆபரேஷன் செய்வார்கள் என்று மேடையில் சொல்வார்கள். அப்படிப் பேசியவரே அன்றிரவு பதினொரு மணிக்கு அவசர சிசேரியனுக்கு வந்து, கை கழுவிக்கொண்டே, "சிஸ்டர், நீங்க எதிரே வந்துடுங்க" என்பார்.

கேட்க இரண்டும் எதிரெதிர்ப் பேச்சாகத் தோன்றும். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கைதான். சர்ஜனுக்கு எதிரே நிற்பது தனியாகக் கற்றுத் தேற வேண்டிய தொழில் என்பதை இருவருமே ஏற்பதில்லை. அது யாருக்கு வேண்டுமானாலும் வரும் என்கிறார் ஒருவர். பட்டம் வாங்கினால் தானாக வந்துவிடும் என்கிறார் மற்றவர். தியேட்டரில் பல ஆண்டுகள் நின்றவள் நான். இரண்டையும் மறுக்கிறேன்.

முதலில் அந்தப் பிடிக்கிற வேலை என்ன என்று பார்த்துவிடுவோம். நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சிசேரியனையே எடுத்துக்கொள்கிறேன். வயிற்றைத் திறந்ததும் உதவியாளர் கைக்கு டாயன் ரிட்ராக்டர் வரும். சிறுநீர்ப்பையைக் கீழே ஒதுக்கி வைப்பதற்கான அகன்ற, வளைந்த தகடு அது. கருப்பையின் கீழ்ப்பகுதியைத் திறக்கும்போது பனிக்குடம் உடைந்து நீர் கொப்பளித்துக்கொண்டு வரும். சக்‌ஷன் முனையை எங்கே வைத்தால் நீர் போகும், எங்கே வைத்தால் அது குழந்தையின் தலைத்தோலைப் பற்றிக்கொள்ளும் என்று கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். சர்ஜன் தலைக்கு அடியில் கையை நுழைக்கும் நொடியில் டாயன் வெளியே வந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தலை வருவதற்கு வழி இருக்காது. எடுத்த கையோடு கருப்பையின் மேல்முனையில் உள்ளங்கையை வைத்து அழுத்த வேண்டும். சர்ஜன் தலையை வெட்டின் வாய்க்குத் தூக்கிக் கொண்டுவரும் முன்பே அழுத்தினால் தலை அவர் கையின்மீதே வந்து முட்டும், வெட்டு பக்கவாட்டில் கிழியும். கருப்பையின் பெரிய ரத்தக்குழாய்கள் ஓடுவது அந்தப் பக்கவாட்டில்தான்.

குழந்தை வெளியே வந்து எல்லோரும் மூச்சு விடும்போதுதான் எதிரே நிற்பவருக்கு வேலை கூடுகிறது. வெட்டின் இரண்டு ஓரங்களிலும் கிரீன் ஆர்மிடேஜ் ஃபோர்செப்ஸ் விழ வேண்டும். ரத்தம் தேங்கும் இடத்தை மாப் வைத்து ஒற்றி எடுக்க வேண்டும். தேய்த்தால் உறைந்த இடமும் மறுபடி கசியும். டாயன் திரும்ப உள்ளே போகும். இந்த முறை சர்ஜனின் ஊசியில் சிறுநீர்ப்பை மாட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காக. சர்ஜன் தொடர் தையல் போட்டுக்கொண்டே போக, உதவியாளர் ஒவ்வொரு சுற்றிலும் நூலை இழுத்துப் பிடித்தபடி பின்தொடர வேண்டும். நூல் தளர்ந்தால் இடையில் ரத்தம் கசியும். அதிகம் இழுத்தால் மெத்தென்றிருக்கும் அந்தத் தசையை அறுத்துக்கொண்டு வந்துவிடும். இவ்வளவும் நடக்கும்போது அந்தப் பெண் விழித்துத்தான் இருக்கிறாள். முதுகில் ஊசி போட்டதால் வலி தெரியாதே தவிர, யார் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். என் கை தடுமாறினால் சர்ஜனின் குரல் மாறும்; குரல் மாறினால் அவளுடைய நாடித் துடிப்பு ஏறுவதை மானிட்டரில் பார்க்கலாம்.

ரிட்ராக்டரை அசையாமல் பிடித்தால் போதும், அதற்கென்ன படிப்பு என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கருப்பையை எடுக்கும் ஆபரேஷனில் ரிட்ராக்டரின் பக்கத் தகடு ஆழமாக இறங்கி, இடுப்பின் உட்சுவரில் இருக்கும் சோவாஸ் தசையை வெகுநேரம் அழுத்தினால், அதையொட்டி ஓடும் தொடை நரம்பு அடிபடும். மெலிந்த பெண்களுக்கு இந்த ஆபத்து அதிகம். ஆபரேஷன் நன்றாகவே முடிந்திருக்கும். மறுநாள் கட்டிலிலிருந்து இறங்கிக் காலை ஊன்றும்போது முழங்கால் மடங்கி அந்தப் பெண் கீழே விழுவாள். கத்தி அந்த நரம்பின் பக்கமே போயிருக்காது. மெலிந்த உடம்புக்குச் சின்னத் தகடு வேண்டும், அடியில் மாப் மடித்து வைக்க வேண்டும், இடையிடையே அழுத்தத்தைத் தளர்த்த வேண்டும் என்று எதிரே நின்றவருக்கு யாரும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். அதிகம் போனால், நன்றாகக் கெட்டியாகப் பிடித்தார் என்று அவரைப் பாராட்டியும் இருப்பார்கள்.

லேப்ராஸ்கோப்பி வந்த பிறகு எதிரே நிற்பவரின் பொறுப்பு இன்னும் கூடிவிட்டது. துளை வழியாகப் பித்தப்பையை எடுக்கும்போது கேமரா பெரும்பாலும் உதவியாளர் கையில்தான் இருக்கிறது. அதாவது, சர்ஜன் எதைப் பார்க்கலாம் என்பதே உதவியாளர் கையில் இருக்கிறது. 30 டிகிரி சாய்ந்த லென்ஸை எந்தப் பக்கம் சுழற்றினால் குழாயின் பின்புறம் தெரியும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பித்தப்பையின் நுனியை நோயாளியின் வலது தோளை நோக்கித் தள்ளிப் பிடிக்க வேண்டும். கழுத்தைப் பக்கவாட்டில் வெளியே இழுக்க வேண்டும். கழுத்தையும் மேல்நோக்கியே இழுத்துவிட்டால், பித்தப்பைக் குழாயும் ஈரலிலிருந்து வரும் பொதுப் பித்தக் குழாயும் ஒரே கோட்டில் விழுந்து ஒரே குழாய் போலத் தெரியும். ஒன்றை வெட்டுவதாக நினைத்து மற்றொன்றை வெட்டும் விபத்துக்கு இது தெரிந்த வழி. அமெரிக்க சர்ஜன் ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பர்க் 1995-இல் வகுத்துத் தந்த பாதுகாப்பு விதியை இன்று எல்லா இடத்திலும் கற்றுத்தருகிறார்கள்: பித்தப்பைக் கழுத்தை ஒட்டி, இந்தக் குழாய்களுக்கும் ஈரலுக்கும் இடையே இருக்கும் முக்கோணத்தைச் சுத்தமாகப் பிரித்து, பித்தப்பைக்குள் இரண்டே இரண்டு குழாய்கள்தான் போகின்றன என்று கண்ணால் பார்த்த பிறகே கிளிப் போட வேண்டும். அந்தக் காட்சி, இழுத்துப் பிடிக்கும் கையும் கேமரா பிடிக்கும் கையும் சர்ஜனோடு சேர்ந்து உருவாக்குவது. கழுத்தை இழுக்கும் வேலையை சர்ஜன் தன் இடது கையிலேயே வைத்துக்கொள்ளும் தியேட்டர்கள் உண்டு. அங்கேயும் நுனியும் கேமராவும் எதிரே நிற்பவரிடம்தான்.

இதய பைபாஸில் நிலைமை இன்னும் தெளிவு. சர்ஜன் நெஞ்சைத் திறந்துகொண்டிருக்கும் அதே நேரத்தில் உதவியாளர் காலிலிருந்து நாளத்தை எடுத்துக்கொண்டிருப்பார். ஃபோர்செப்ஸால் நாளத்தையே கவ்வினால் அதன் உட்சுவர் நசுங்கும். கசிவைச் சோதிக்க ஊசியால் உப்புநீரை வேகமாகச் செலுத்தினாலும் உட்சுவர் கிழியும். கிளையை நாளத்தோடு ஒட்டிக் கட்டினால் அந்த இடம் குறுகும், தள்ளிக் கட்டினால் பை போல ஒரு மூலை நின்று அதில் ரத்தம் தேங்கும். அப்படி எடுத்த நாளம்தான் இதயத்தில் தைக்கப்பட்டு இனி வரும் ஆண்டுகளில் அந்த மனிதரைக் காக்க வேண்டும். இங்கிலாந்தில் செவிலியருக்கு இந்த வேலையை முறைப்படி கற்றுத்தந்தது 1989-இல், ஆக்ஸ்போர்டின் ஜான் ராட்கிளிஃப் மருத்துவமனை இதய அறுவைப் பிரிவில். நமக்கும் இது புதிதல்ல. 1992-இல் சென்னையில் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் டாக்டர் கே.எம்.செரியன் ஃபிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்பைத் தொடங்கினார். நாட்டிலேயே முதல் படிப்பு அது. எம்.பி.பி.எஸ். படிக்காத ஒருவருக்கு முறையாகக் கற்றுத்தந்து, சர்ஜனின் மேற்பார்வையில் மேசைக்கு எதிரே நிறுத்தலாம் என்பதை முப்பது ஆண்டுகளுக்கு முன்பே நம் சென்னை ஏற்றுக்கொண்டுவிட்டது. தியேட்டரிலேயே வாழும் செவிலியருக்கு மட்டும் அந்த வழியைத் திறக்க ஏன் இவ்வளவு தயக்கம்?

இது அமெரிக்க மோகம், நமக்குச் சரிப்படாது என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் கல்லூரியில் பெய்லி அண்ட் லவ் என்ற அறுவைப் பாடநூலைப் படித்து வந்தவர்கள். வயிற்றுப் புற்றுநோய் பரவி, தொப்புளில் கெட்டியாக ஒரு முடிச்சாகத் தென்படுவதற்கு சிஸ்டர் மேரி ஜோசப் நாடியூல் என்று பெயர் என்பது அவர்களுக்கு மனப்பாடம். தேர்வில் அதை எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருப்பார்கள். யார் அந்த சிஸ்டர் மேரி ஜோசப் என்று எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

ஜூலியா டெம்ப்சி என்ற பெயரோடு பிறந்த பிரான்சிஸ்கன் கன்னியாஸ்திரி அவர். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், ராச்செஸ்டர் நகரில் 1889-இல் திறந்த செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் செவிலியர். 1890 முதல் 1915 வரை, இருபத்தைந்து ஆண்டுகள், டாக்டர் வில்லியம் மேயோவுக்கு முதல் அறுவை உதவியாளர். ஆபரேஷனுக்கு முன் நோயாளியின் வயிற்றைச் சுத்தம் செய்யும் வேலையும் அவருடையதே. தொப்புளில் அப்படி ஒரு முடிச்சு இருந்த நோயாளிகளைத் திறந்து பார்த்தால் உள்ளே புற்றுநோய் பரவிக் கிடக்கிறது என்பதை அவர்தான் கவனித்து மேயோவிடம் சொன்னார். 1928-இல் மேயோ அதைப் பற்றி எழுதினார். 1949-இல் ஆங்கிலேய சர்ஜன் ஹாமில்டன் பெய்லி தன் நூலில் அதற்கு அந்தச் செவிலியரின் பெயரையே வைத்தார்.

அவர் எப்படி அதைக் கண்டுபிடித்தார் என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும். தோலைத் துடைத்த கையும் வயிற்றுக்குள் போன கையும் ஒன்றாக இருந்ததால்தான். சர்ஜன் துணி போர்த்திய பிறகு வருகிறார், வெட்ட வேண்டிய சதுரத்தை மட்டும் பார்க்கிறார். வெளியே மட்டும் நிற்கும் செவிலியர் தோலைப் பார்க்கிறார், உள்ளே இருப்பதைப் பார்ப்பதில்லை. இரண்டையும் ஒருவர் தொடர்ந்து இருபத்தைந்து ஆண்டுகள் பார்த்தபோது மருத்துவத்துக்கு ஓர் அறிகுறி கிடைத்தது. செவிலியர் முதல் உதவியாளராக இருக்கலாமா என்ற கேள்விக்கு, எழுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடப்புத்தகத்தின் உள்ளேயே பதில் கிடக்கிறது.

அதே செயின்ட் மேரீஸில்தான் ஆலிஸ் மகா என்ற செவிலியர் மயக்க மருந்து கொடுத்தார். 14,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு மயக்கம் கொடுத்ததில், மயக்கத்தால் நேர்ந்த மரணம் ஒன்றுகூட இல்லை என்று 1906-இல் அறிக்கை வெளியிட்டார். அன்றும் மருத்துவர்கள் இதே வாதத்தைத்தான் வைத்தார்கள். கலிஃபோர்னியாவில் டாக்மர் நெல்சன் என்ற செவிலியர் மயக்க மருந்து கொடுப்பது சட்டவிரோதமான மருத்துவத் தொழில் என்று வழக்கே போட்டார்கள். சர்ஜனின் மேற்பார்வையில் அவர் செய்வது மருத்துவத் தொழில் ஆகாது என்று 1936-இல் அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்த நாட்டில் செவிலியர் இன்றைக்கும் மயக்க மருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மருத்துவம் அதனால் தரம் தாழ்ந்துவிடவில்லை.

இளம் மருத்துவர்களின் கற்கும் வாய்ப்பை இது பறித்துவிடும் என்பது அடுத்த வாதம். இதில் நியாயம் இருக்கிறது, ஒதுக்கிவிட மாட்டேன். இங்கிலாந்தில் பயிற்சி மருத்துவர்களின் வேலை நேரத்தை 2009-இல் வாரத்துக்கு 48 மணி என்று குறைத்த பிறகு, ஆபரேஷன் கற்க நேரம் போதவில்லை என்று அவர்கள் முறையிடுகிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் பி.ஜி. மாணவர் நிற்க வேண்டிய இடத்தில் செவிலியரை நிறுத்தினால் அது தவறுதான். அரசு மருத்துவக் கல்லூரி தியேட்டரில் ஹவுஸ் சர்ஜனும் பி.ஜி.யும் வரிசையில் நிற்கும்போது எதிரே நிற்கும் உரிமை அவர்களுக்கே என்று நானும் சொல்வேன். ஆனால் நான் பேசுவது வேறு இடத்தைப் பற்றி. தாலுகா ஊரின் நர்சிங் ஹோமில் எந்த பி.ஜி. நிற்கிறார்? அங்கே பறிபோவதற்கு எந்த மாணவரின் வாய்ப்பும் இல்லை. அங்கே இருப்பது ஒரு சர்ஜன், அழைத்தால் வரும் மயக்க மருத்துவர், ஒன்றோ இரண்டோ சிஸ்டர்கள், ஒரு தியேட்டர் அண்ணன். டாக்டரா, செவிலியரா என்று தேர்ந்தெடுக்கும் வசதி அந்த நோயாளிக்குக் கிடையாது. கற்றுக்கொண்ட செவிலியரா, கற்றுத்தரப்படாத செவிலியரா என்பதுதான் அங்கே இருக்கும் கேள்வி. மருத்துவர் சங்கங்கள் செவிலியர் வேண்டாம் என்று சொல்லும்போது, நடைமுறையில் அவர்கள் பாதுகாப்பது கற்றுத்தரப்படாத நிலையைத்தான்.

கல்லூரி மருத்துவமனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பி.ஜி.க்கள் சில மாதங்களுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருப்பார்கள். புதிதாக வந்த பி.ஜி.யின் முழங்கையை மெல்லத் தட்டி, "டாக்டர், கொஞ்சம் தளர்த்துங்க, லிவர் வெளுக்குது பாருங்க" என்று தாழ்ந்த குரலில் சொல்வது யார் என்று எந்தப் பேராசிரியரிடமும் கேட்டுப் பாருங்கள். பட்டத்தோடு இந்தத் திறன் தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கை அந்த இடத்திலேயே உடைந்துவிடும்.

இனி, நிர்வாகத்தின் பக்கம். மருத்துவர் சங்கத்தைவிட இவர்கள்மீதுதான் எனக்குக் கோபம் அதிகம். செவிலியரை எதிரே நிறுத்தும் இவர்கள், ஸ்க்ரப் வேலையையும் அதே செவிலியரின் தலையில் கட்டுகிறார்கள். மேயோ டிராலியிலிருந்து கருவி எடுத்துத் தருவதும் அவள், ரிட்ராக்டர் பிடிப்பதும் அவள், நூலைப் பின்தொடர்வதும் அவள், கடைசியில் மாப் எண்ணுவதும் அவள். அமெரிக்காவின் அறுவை அரங்கச் செவிலியர் சங்கம் 1984-இல் முதல் உதவியாளர் பணியை அதிகாரபூர்வமாக ஏற்றது. அந்தச் சங்கம் வகுத்த விதிகளில் முக்கியமானது, முதல் உதவியாளராக நிற்கும் செவிலியர் அதே நேரத்தில் ஸ்க்ரப் வேலை பார்க்கக் கூடாது என்பது. இங்கிலாந்திலும் இதே நிலைப்பாடுதான். ஆபத்தை அளந்து பார்த்த சில சிறு அறுவைகளுக்குத்தான் விலக்கு.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? வயிற்றுக்குள் பொருள் விடுபட்டுப்போன சம்பவங்களை சர்ஜன் அதுல் கவாண்டேயும் உடன் பணியாற்றியவர்களும் ஆராய்ந்து 2003-இல் வெளியிட்டார்கள். 54 நோயாளிகள், விடுபட்ட பொருள்கள் 61, அவற்றில் பெரும்பாலானவை மாப், காஸ் வகை. அவசர அறுவையில் இந்த ஆபத்து சுமார் 9 மடங்கு, நடுவில் திட்டம் மாறினால் சுமார் 4 மடங்கு. ராத்திரி அவசர கேஸ், திறந்த பிறகு நினைத்தது வேறு, உள்ளே இருப்பது வேறு. நம் நர்சிங் ஹோம்களில் ஒரே சிஸ்டர் இரண்டு வேலையும் பார்ப்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட கேஸ்களில்தான். ரத்தம் பொங்கும்போது அவள் கண் வயிற்றுக்குள் இருக்க வேண்டுமா, டிராலியில் இருக்க வேண்டுமா? ஒரு செவிலியரின் சம்பளத்தை மிச்சம் பிடிக்க, எண்ணிக்கை தவறும் நிலைமையை நிர்வாகமே ஏற்படுத்தி வைத்துவிட்டு, தவறியதும் அவளையே அழைத்து விளக்கம் கேட்கிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் அறுவைப் பாதுகாப்புப் பட்டியலை இன்று எல்லா தியேட்டர் சுவரிலும் ஒட்டியிருக்கிறார்கள். 19 அம்சங்கள். புதுதில்லி உட்பட 8 நகரங்களில் சோதித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், அந்தப் பட்டியல் வந்த பிறகு மரணம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்திருந்தது. தோலில் கத்தி வைக்கும் முன் குழுவில் உள்ள ஒவ்வொருவரும் தன் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும் என்பது அதில் ஓர் அம்சம். எதிரே நிற்கும் சிஸ்டர் என்ன பொறுப்பைச் சொல்வாள்? ஸ்க்ரப் என்றால் பாதிப் பொய். அசிஸ்டென்ட் என்றால், அப்படி ஒரு பதவி மருத்துவமனையின் எந்தக் காகிதத்திலும் கிடையாது. ஆபரேஷன் நோட்டில் அசிஸ்டென்ட் என்ற இடத்தில், அன்றைக்கு ஊரிலேயே இல்லாத ஒரு டாக்டரின் பெயரை எழுதிய நோட்டை நான் பார்த்திருக்கிறேன். நோயாளி கையெழுத்துப் போட்ட சம்மதப் படிவத்திலும் சர்ஜன் பெயர் மட்டும்தான்.

இந்தக் காகிதத்தை நீதிமன்றம் ஒருநாள் கேட்கும். மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இலேயே சொல்லிவிட்டது. 1998-இல் ஸ்பிரிங் மெடோஸ் மருத்துவமனை வழக்கில், ஒரு குழந்தைக்குத் தவறான ஊசி போட்டு மூளை பாதிக்கப்பட்டபோது, ஊசி போட்டவருக்கு உரிய தகுதி இல்லை என்பது வழக்கின் மையத்துக்கே வந்தது. குழந்தைக்கு 12.5 லட்சம், பெற்றோருக்கு 5 லட்சம் இழப்பீடு உறுதியானது. மருத்துவமனையும் தப்பவில்லை. கற்றுத்தராத வேலையைச் செய்யவிட்ட நிர்வாகத்துக்கு, "சிஸ்டர் பிடிச்சுக்குவாங்க" என்ற பதில் கூண்டில் நிற்கும்போது உதவாது.

சம்பளம் பற்றிப் பேசினால் சேவை மனப்பான்மை இல்லையா என்பார்கள். பேசத்தான் போகிறேன். பல மருத்துவமனைகளின் பில்லில் அசிஸ்டென்ட் சர்ஜன் கட்டணம் என்று தனியாக ஒரு வரி இருக்கிறது. அன்றைக்கு எதிரே நின்றது சிஸ்டர் என்றால் அந்தப் பணம் எங்கே போகிறது? அமெரிக்காவிலும் இந்தச் சண்டை முடியவில்லை. அங்கே மெடிகேர் என்ற அரசுக் காப்பீடு, உதவி நிற்கும் டாக்டருக்கு சர்ஜன் கட்டணத்தில் 16 சதவீதம் தருகிறது. ஃபிசிஷியன் அசிஸ்டென்டோ நர்ஸ் பிராக்டிஷனரோ நின்றால் அதில் 85 சதவீதம், அதாவது 13.6. அதே வேலைக்கென்றே பயின்று சான்றிதழ் பெற்ற செவிலியர் முதல் உதவியாளர் நின்றால் மெடிகேர் அவருக்கென்று எதுவும் தருவதில்லை. சில மாநிலங்கள் மட்டும் தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் தர வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கின்றன. அந்தச் செவிலியர்களுக்கு என்னென்ன செய்யலாம் என்ற பட்டியல் இருக்கிறது, பயிற்சி இருக்கிறது, பணத்துக்குப் போராட்டம் நடக்கிறது. நமக்கு முதல் இரண்டும் இல்லாததால் மூன்றாவதைக் கேட்கவே வாய் வருவதில்லை.

செவிலியர் தலைமைகளிலிருந்தும் ஒரு முனகல் வரும். கத்திப் பக்கம் போன செவிலியர் பராமரிப்பை மறந்துவிடுவார் என்று. எனக்குத் தெரிந்தவரை நடப்பது வேறு. மயக்கத்தில் கிடப்பவரின் கையைத் தொண்ணூறு டிகிரிக்கு மேல் விரித்தால் தோள்பட்டை நரம்பு இழுபடும், முழங்கை மேசை விளிம்பில் பட்டால் விரல் மரத்துப்போகும், காட்டரி பிளேட் அடியில் ஈரம் தேங்கினால் தோல் வெந்துபோகும் என்பதெல்லாம் செவிலியர் பார்க்கும் பார்வை. அதைச் சுமந்துகொண்டுதான் அவள் எதிர்ப்பக்கம் போகிறாள். முதல் நாள் வார்டில் அந்த அம்மாவிடம் பேசி, மறுநாள் எதிரே நின்று, மூன்றாம் நாள் காயத்தைத் திறந்து பார்ப்பவளும் அவளாகவே இருந்தால் பராமரிப்பு எங்கே குறைகிறது?

வழி இல்லாமலும் இல்லை. இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகரித்த, அறுவை அரங்கச் செவிலியருக்கான ஓராண்டு டிப்ளமோ ஏற்கெனவே இருக்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு நர்ஸ் பிராக்டிஷனர் முதுகலைப் படிப்பையும் கவுன்சில் கொண்டுவந்துவிட்டது. அந்த டிப்ளமோவின் மேல், சர்ஜன் ஒருவரின் கீழ் கேஸ் எண்ணிக்கை வைத்துக் கற்கும் பயிற்சி ஒன்றைக் கட்ட முடியும். திசுவைக் கையாளுதல், வெட்டும் இடத்தைத் திறந்து காட்டுதல், ரத்தம் நிறுத்துதல், தையல் என்று அமெரிக்கப் பட்டியல் வகுத்திருப்பதைப் போல நமக்கு ஏற்ற ஒரு பட்டியலை எழுத முடியும்.

இங்கேதான் மருத்துவர் சங்கத்தின் கடைசி அச்சம் வருகிறது. இன்று எதிரே நின்றவர் நாளை தானே வெட்டுவார், போலி டாக்டர்கள் பெருகுவார்கள் என்று. அவர்கள் பயப்படும் ஆபத்து, பட்டியல் இல்லாத இன்றைய நிலையில்தான் இருக்கிறது. நள்ளிரவில் கருப்பையைத் தைத்து முடித்த சர்ஜன், வயிற்றுத் தசையின் உறையான ஷீத்தைக்கூட மூடாமல், கையுறையைக் கழற்றிக்கொண்டே, "சிஸ்டர், நீங்களே மூடிடுங்க, எனக்கு அடுத்த ஆஸ்பத்திரியில கேஸ் இருக்கு" என்று கிளம்பும்போது, இன்றைக்கு அவளால் முடியாது என்றும் சொல்ல முடியாது, முறையாகச் சரி என்றும் சொல்ல முடியாது. எது தன் வேலை, எது இல்லை என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எழுதி, கற்றுத்தந்து, கையெழுத்துப் போட்டு வைத்திருந்தால் அவள் நிமிர்ந்து நின்று சொல்வாள்: "சார், தோலை நான் மூடுறேன், அது என் பட்டியல்ல இருக்கு. ஷீத் மூடுற வரைக்கும் நீங்க இங்கதான் நிக்கணும். கவுண்ட் இன்னும் முடியல."